91-ஆ, 95-ஆ, 100-ஆ: காருக்கு எந்தப் பெட்ரோல் போடுவது?

குடியாத்தத்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட, சில ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் அன்றாடம் போய்வருவதில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் கோடையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியையும் போட்டுக்கொண்டு ஏலகிரி ஏறினால், முதல் சில வளைவுகளிலேயே எஞ்சினிலிருந்து கிணுகிணுவென்று ஒரு சத்தம் வருகிறது. பங்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், 100 போட்டால் பிக்கப், மைலேஜ் இரண்டும் கூடும் என்கிறார். தம்பி புதிதாக வாங்கிய டர்போ காரின் டேங்க் மூடியிலோ 95 என்றே எழுதியிருக்கிறது. எதைப் போடுவது, கூடுதல் விலை கொடுப்பதால் பயன் உண்டா என்பதே கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் கையேடு 91 போதும் என்று சொன்னால் அன்றாட ஓட்டத்துக்குச் சாதாரண பெட்ரோல் போதும். ஏலகிரியில் கேட்கும் சத்தத்துக்கு முதலில் கியரையும், அடுத்து எஞ்சினின் நிலையையும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் சத்தம் தீரவில்லை என்றால் மலைப் பயணத்துக்கு மட்டும் 95 போடலாம். தம்பியின் காருக்கு 95 வேண்டும். 100 ஆக்டேன் இரண்டு கார்களுக்கும் தேவையில்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை பங்க்கில் யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளக்கும் எண் அன்று. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தீப்பொறியின் உதவியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எளிதில் தானாகப் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், சட்டென்று பற்றிக்கொள்ளும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, 1920-களில் இந்த அளவுகோலை உருவாக்கினார்கள். ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை எஞ்சினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அதுவும் நடந்துகொள்கிறது என்று பொருள். பெட்ரோல்-காற்றுக் கலவையை நெருக்கும் அளவான கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில்தான் இந்தச் சோதனை நடக்கிறது. நம் ஊரில் சொல்லப்படும் 91, 95 எல்லாம் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் செய்யப்படும் ‘ஆர்ஓஎன்’ (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) சோதனையின் எண்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அங்கே 87 போடுவதாகச் சொன்னால் நம் பெட்ரோல் உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே ஆர்ஓஎன்னையும், அதைவிடக் கடுமையான இன்னொரு சோதனையின் எண்ணையும் கூட்டிச் சராசரியை எழுதுகிறார்கள், ஆகவே அந்த 87 ஏறக்குறைய நம்முடைய 91.

எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிளக் பொறி தட்டியதும் தீ அங்கிருந்து கிளம்பி, சிலிண்டரின் மறுகோடியை நோக்கிப் பரவுகிறது. எரிந்து விரியும் வாயு, இன்னும் எரியாமல் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. தீ வந்து சேரும்வரை அந்த மிச்சக் கலவை பொறுத்திருந்தால் எல்லாம் சீராக முடியும். பொறுக்காமல் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அழுத்த அலை எழுந்து சிலிண்டர் சுவரில் மோதும். அந்த மோதலின் அதிர்வைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். நீங்கள் கேட்ட கிணுகிணுப்பும் அநேகமாக அதுதான். எப்போதாவது ஓரிரு நொடி கேட்டால் எஞ்சின் கெட்டுவிடாது. தொடர்ந்து கேட்டால் பிஸ்டன் தலையும், ரிங் உட்காரும் பகுதியும், ஹெட் கேஸ்கெட்டும் சேதமாகும்.

அப்படியானால் எல்லா எஞ்சினையும் குறைந்த கம்ப்ரஷனில் கட்டிவிடலாமே என்றால், அங்கேதான் மைலேஜ் குறுக்கே வருகிறது. கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் உயர உயர, எரிபொருளின் வெப்பத்தை இயக்கமாக மாற்றும் திறன் கூடுகிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி 8:1 விகிதத்தில் அந்தத் திறனின் உச்சவரம்பு 56 விழுக்காட்டை ஒட்டியும், 12:1 விகிதத்தில் 63 விழுக்காட்டை ஒட்டியும் வருகிறது. நடைமுறையில் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு என்றாலும் ஏறும் திசை அதுவே. அந்தக் காலத்துக் கார்கள் 7, 8 என்ற விகிதத்தில் ஓடின. இன்றைக்கு மாருதியின் 1.2 லிட்டர் டூயல்ஜெட் எஞ்சின் 12:1 விகிதத்தில், அதுவும் 91 ஆக்டேனிலேயே ஓடுகிறது. எரியறையின் வடிவம், நல்ல குளிரூட்டல், வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு, மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கியிருக்கின்றன. ஆகவே கம்ப்ரஷன் விகிதத்தை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு, என் எஞ்சினுக்கு 95 வேண்டும் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் டேங்க் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எழுதியிருக்கும் எண்தான் செல்லும்.

ஆக்டேனை உயர்த்துவதற்காக ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி அது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சை உலகெங்கும் காற்றில் கலந்த வழியும் அதுவே. இந்தியாவில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. ஆக்டேன் எண்ணை எப்படி உயர்த்துகிறோம் என்பதும் அந்த எண் அளவுக்கே முக்கியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இப்போது அந்த வேலையைச் சுத்திகரிப்பு முறைகளும் எத்தனாலும் செய்கின்றன. கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் ‘ஆக்டேன் பூஸ்டர்’ சிலவற்றில் மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் இருக்கும். அவை பிளக்கிலும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் படிந்து நாளடைவில் கெடுதல் செய்யும். மேலும் ‘பத்துப் புள்ளி உயரும்’ என்று புட்டியில் இருந்தால், அது பெரும்பாலும் 91-ஐ 101 ஆக்கும் என்று பொருள்படாது. பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் ஆக்டேன் எண்ணில் ஒன்று. அவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி ஏலகிரிக்கு வருவோம். நாக்கிங் வருவதற்குப் பெட்ரோலின் எண் மட்டுமல்லாமல் காற்றின் சூடு, எஞ்சின் மேல் உள்ள பாரம், சுற்று வேகம் எல்லாமே காரணங்கள். வேலூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பகலில் கார் பானெட்டுக்குள் இழுக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ, மிச்சக் கலவை அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு: காற்றில் ஈரம் இருந்தால் நாக்கிங் சற்றுக் குறையும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் தாக்குப்பிடிக்கும் அதே எஞ்சின், பாலாற்றங்கரையின் வறண்ட அனலில் முனகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே போகும் பாதையில், புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சத்தம் முதல் வளைவுகளிலேயே கேட்பதும், மேலே போகப்போகக் குறைவதும் தற்செயல் அல்ல. அடிவாரத்தில் காற்று சூடாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறது, பாரமும் உச்சத்தில் இருக்கிறது. சுமார் 1,100 மீட்டர் உயரத்து ஏலகிரியில் காற்றழுத்தம் வேலூரைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவு. காற்றைத் திணித்து அனுப்பும் டர்போ இல்லாத எஞ்சினுக்குள் அந்த அளவு குறைந்த காற்றே போகிறது, வெயிலும் தணிகிறது, அதனால் எஞ்சினுக்குத் தேவைப்படும் ஆக்டேனும் இறங்குகிறது. மலைக்குப் போவதால் உயர்ந்த பெட்ரோல் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த வகையில் பாதி உண்மைதான். ஏற்றம் தேவையைக் கூட்டுகிறது, உயரம் தேவையைக் குறைக்கிறது.

வளைவில் மூன்றாவது கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் குறைந்த சுற்றில் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. மிச்சக் கலவை தானாகப் பற்றுவதற்கு ஒரு சிறு கால அவகாசம் தேவை. குறைந்த சுற்று அந்த அவகாசத்தைக் கொடுத்துவிடுகிறது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு மாற்றி, எஞ்சினை 2,500 சுற்றுக்கு மேல் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கார்களில் சத்தம் நின்றுவிடும். செலவில்லாத இந்த வைத்தியத்தை முதலில் செய்து பாருங்கள். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைப்பாதைக்கும், ஜமுனாமரத்தூர் போகும் பாதைக்கும் இதே பழக்கம் பொருந்தும்.

உங்கள் காரில் ‘நாக் சென்சார்’ அநேகமாக இருக்கும். எஞ்சின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் சிறு உணரி அது. நாக்கிங்கின் அதிர்வைக் கேட்டதும் கணினி பொறி தட்டும் நேரத்தை, எஞ்சின் சுழலும் கோணத்தில் சில டிகிரி தள்ளிப்போடும். எஞ்சின் தப்பிக்கும், ஆனால் இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். உயர்ந்த ஆக்டேன் போட்டால் ‘பிக்கப் கூடியது’ என்று சிலர் உணர்வது இந்த இடத்தில்தான்: வெயிலிலும் பாரத்திலும் பின்வாங்கியிருந்த நேரம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. பின்வாங்கவே இல்லாத நிலையில், அதாவது காட்பாடிச் சாலையில் நிதானமாக ஓடும்போது, மீட்டெடுக்க எதுவும் இல்லை. 91-க்கென்றே அமைத்த எஞ்சினுக்கு 100 ஊற்றினாலும், கணினியில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டி அது நேரத்தை முன்னே கொண்டுபோகாது.

இப்போதைய குழப்பத்துக்குப் பெரிய காரணம் எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் இன்று சாதாரண குழாயில் வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. அது ஆவியாகும்போது கலவையைக் குளிரவும் வைக்கிறது. இ20 வந்த பிறகு சாதாரண பெட்ரோலின் ஆர்ஓஎன் 95 வரை உயர்ந்திருப்பதாக மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் விளக்கம் தந்தது. எத்தனால் சேர்க்கப்படும் அடிப்படைப் பெட்ரோலின் எண் 84 அளவே என்பதும் அந்த விளக்கத்தில் இருக்கிறது. ஆகவே 91 பெட்ரோலின் தலையில் எத்தனாலை ஊற்றி எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. கலந்த பிறகு தரக்குறியீட்டை எட்டும்படி அடிப்படையை அமைக்கிறார்கள். எப்படியாயினும் 91 கேட்கும் காருக்கு ஆக்டேன் பற்றாக்குறை என்ற கவலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பிரீமியம் என்ற பெயரில் 95-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் நியாயமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

மைலேஜ் குறைந்துவிட்டதே என்ற குறை வேறு விஷயம். அதையும் ஆக்டேனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களில், இ20 போட்டால் 6 முதல் 7 விழுக்காடு வரையும், 10 விழுக்காட்டுக்கு வடிவமைத்து 20-க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 விழுக்காடு வரையும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் திட்ட அறிக்கை மதிப்பிட்டிருந்தது. இந்த இழப்பை 95 என்ற எண் ஈடுகட்டாது. அந்தப் பிரீமியம் பெட்ரோலிலும் எத்தனால் கலந்திருக்கலாம், எண்ணுக்கும் வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பும் இல்லை.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 95-க்குச் சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,400 ரூபாய் கூடுதல் செலவு. அதைத் திரும்பப் பெற, 15 கிலோமீட்டர் மைலேஜ் 16-ஐத் தாண்ட வேண்டும். 91-க்கென்று அமைத்த எஞ்சினில் அது நடக்காது. அந்தப் பணத்தில் நல்ல எஞ்சின் ஆயிலும் புது ஏர் ஃபில்டரும் போட்டால் காருக்கு உண்மையான நன்மை உண்டு. சிலர் செய்வதுபோல 100 ஆக்டேனையும் சாதாரணத்தையும் பாதிக்குப் பாதி கலப்பதும் வீண் செலவு. எண் ஏறத்தாழ சராசரியாகத்தான் வரும். நேரடியாக 95 போட்டாலே கிடைப்பதைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறீர்கள். எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல்கள் லிட்டர் 160 ரூபாயை ஒட்டி விற்கப்பட்டவை. உயர் கம்ப்ரஷன் கொண்ட சில பைக்குகளுக்கும் விலையுயர்ந்த விளையாட்டு ரகக் கார்களுக்கும் அவற்றில் பொருள் இருக்கலாம். எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்கள் சில பிரீமியம் பெட்ரோல்களில் இருப்பது உண்மை. அது ஆக்டேனுக்குத் தொடர்பில்லாத தனிப் பயன்.

கியர் மாற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்தால், பெட்ரோலை மாற்றுவதற்கு முன் பட்டறையில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் கார்பன் படிந்தால் கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறி, சூடும் வெளியேறாமல் தங்கி, எஞ்சின் கேட்கும் ஆக்டேன் சில எண்கள் உயர்ந்துவிடும். ஊருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் கார்களில் இது அதிகம். முந்தைய பழுதில் விலை குறைவு என்று வேறு ‘ஹீட் ரேஞ்ச்’ (சூட்டை வெளியேற்றும் திறன்) கொண்ட பிளக் போட்டிருந்தால் பிளக் முனையே தணலாகி, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். எந்த ஆக்டேனும் அதைச் சரியாகத் தீர்க்காது. ரேடியேட்டர் விசிறியும் தெர்மோஸ்டாட்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டு, கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறதா, ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆயில் எரியறைக்குள் புகுந்தாலே கலவையின் ஆக்டேன் இறங்கும். நாக் சென்சாரை ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தால், குறிப்பிட்ட இறுக்கத்தில் மாட்டினார்களா என்று கேளுங்கள். தளர்வாக இருந்தால் அதற்குச் சரியாகக் கேட்காது.

ஒரு குறிப்பிட்ட பங்க்கில் போட்ட பிறகுதான் சத்தம் வருகிறது என்றால் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். மண்ணெண்ணெய் போன்றவை ஆக்டேனை வெகுவாக இறக்கிவிடும். பங்க்கில் அன்றைய அடர்த்தி அளவையும், ஃபில்டர் பேப்பர் சோதனையையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் அடர்த்தியைப் பார்த்து ஆக்டேனைச் சொல்லிவிட முடியாது. அதற்கு நான் முன்பு சொன்ன சோதனை எஞ்சினே வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் கோடை ஏற்றத்தில் சத்தம் நிற்கவில்லை என்றால், டேங்க் கால்வாசிக்கு இறங்கிய பிறகு 95-ஐ நிரப்பி அடுத்த பயணத்தைப் போய்ப் பாருங்கள். நின்றுவிட்டால் மலைக்குப் போகும்போதெல்லாம் அதைப் போடுவதில் தவறில்லை.

தம்பியின் டர்போ காரின் கதை வேறு. டர்போ காற்றைத் திணித்து அனுப்புவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடுதல்; உயரம் ஏறினாலும் அந்தத் திணிப்பு பெருமளவு தொடர்வதால் மலைமேல் கிடைக்கும் சலுகையும் அதற்குக் குறைவு. மூடியில் 95 என்று மட்டும் இருந்தால் 95-ஐ உறுதிசெய்துகொண்டு போட வேண்டும். ‘95, குறைந்தபட்சம் 91’ என்ற வகையில் இருந்தால், 91-இலும் எஞ்சின் கெடாது, ஆனால் வெயிலில் முழு இழுவை கிடைக்காது என்று பொருள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி பெங்களூர் வரை வேகமாகப் போகும் நாளில் 95 போட்டு, ஊருக்குள் ஓடும் நாளில் சாதாரணம் போட்டுக்கொள்ளலாம். எந்த பங்க்கிலும் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்; ‘ஸ்பீடு’, ‘பவர்’ என்ற பெயர்களில் வெவ்வேறு எண்கள் கொண்ட வகைகள் இருப்பதால் பெயரை மட்டும் நம்ப முடியாது.

பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் கொண்ட டர்போ எஞ்சின்களில் இன்னொரு வகைத் தட்டல் உண்டு. குறைந்த சுற்றில் திடீரென்று முழுப் பாரம் கொடுத்தால், பொறிக்கு முன்பே, பெரும்பாலும் ஆயில் துளிகளாலோ படிவுகளாலோ கலவை பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. அதற்கு ஆக்டேன் முழுமையான காப்பு அன்று. இதைத் தடுக்க உதவும் எஞ்சின் ஆயிலைக் குறிக்கும் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக்குறியீடு, கையேடு சொல்லும் மற்றக் குறியீடுகளோடு ஆயில் டின்னில் இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த கியரில் 1,500 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.